ஓட்டை போடாத மீன்தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ: சத்தமும் வரக் கூடாது, வெள்ளமும் வரக் கூடாது

நாலடித் தொட்டி, உள்ளே ஏற்கெனவே மீன்கள், கீழே ஸ்டாண்டுக்குள் ஒரு சம்ப் வைத்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை, ஆனால் கண்ணாடியில் ஓட்டை கிடையாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகத் தொட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். செய்யும்போதே ஓட்டை போட்டுத் தரச் சொல்லிவிடுங்கள், பாதித் தலைவலி மிச்சம்.

சம்ப் என்றால் இங்கே வாசலில் மூடி போட்டிருக்கும் நிலத்தடித் தொட்டி இல்லை. மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருந்து தண்ணீர் தானாக வழிந்து கீழே வரும், ஸ்பான்ஜ், பயோ மீடியா (கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கும் துண்டுகள்) எல்லாம் தாண்டிக் கடைசி அறையில் இருக்கும் பம்ப் அதைத் திரும்ப மேலே அனுப்பும். அந்த ‘தானாக வழிந்து’ என்ற வேலையைச் செய்வதுதான் ஓவர்ஃப்ளோ. கண்ணாடியில் ஓட்டை இருந்தால் இது புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும் வேலை. ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறித்தான் வெளியே வர வேண்டும், அதாவது சைஃபன் (தண்ணீர் நிறைந்த குழாய் வழியாக விளிம்பின் மேல் ஏறித் தாழ்ந்த பக்கம் தானாக இறங்குவது) வேண்டும். பிரச்சினை எல்லாம் அந்த ஏற்றத்தில்தான்.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொளத்தூரில் வாங்கியது, சாதாரணக் கண்ணாடி, ஏஞ்சலும் ரெயின்போவும் இருக்கின்றன. சென்னையில் வாடகை வீடு, இரண்டாவது மாடி, தொட்டி ஹாலில், அப்பா படுப்பதும் அதே ஹாலில். அதனால் எனக்கு இரண்டே நிபந்தனை: ராத்திரி சத்தம் கேட்கக் கூடாது, கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் தெரியக் கூடாது.

முதலில் ஓட்டை போட முடியுமா என்றுதான் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். டைமண்ட் பிட் வைத்து டேபிள் கண்ணாடியில் எல்லாம் ஓட்டை போடுகிறவர். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தண்ணி நிக்கிற தொட்டில நான் கை வைக்க மாட்டேன் தம்பி. காலி பண்ணி, கடைக்குக் கொண்டு வாங்க, போட்டுத் தரேன். உடைஞ்சா கேக்கக் கூடாது” என்றார். நியாயமான பேச்சு. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய) கண்ணாடியாக இருந்தால் ஓட்டை என்ற பேச்சே கிடையாது, பிட் உள்ளே இறங்கினால் மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துக்கொண்டு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள், கிளாஸைத் திருப்பத் திருப்ப ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் தொட்டியின் கண்ணாடி வருகிற மாதிரி பார்த்தால், டெம்பர் செய்த கண்ணாடியில் திட்டுத்திட்டாகவோ பட்டை பட்டையாகவோ வெளிச்சம் தெரியும். சாதாரணக் கண்ணாடி இருட்டாகவே இருக்கும். என்னுடையது சாதாரணக் கண்ணாடிதான், ஆனால் 200 லிட்டருக்கு மேல் தண்ணீரை இறைத்து, மீனை டிரம்மில் போட்டு, தொட்டியை இரண்டு மாடி இறக்கி ஏற்ற எனக்குத் தெம்பு இல்லை.

கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், பல தொட்டிக்கு அது போதும். நான் சம்ப் கேட்டதற்குக் காரணம் தண்ணீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம். ஓவர்ஃப்ளோ மேலிருந்து சீவி எடுப்பதால் அது நிற்பதே இல்லை. அப்புறம், சென்னை வெயிலில் ஆவியாகிக் குறைவது சம்பில்தான் தெரியும், மேலே நீர்மட்டம் அசையாது.

சரி, ஓட்டை இல்லாமல் என்னென்ன வழி? மூன்று வகைதான் பார்த்தேன். ஒன்று, பிளம்பிங் கடை பி.வி.சி. குழாய், எல்போ, டீ எல்லாம் சேர்த்து நாமே ஒட்டிக்கொள்வது. இரண்டாவது, உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கக் கண்ணாடி போல் தெரியும் யூ குழாய். மூன்றாவது, யூ குழாய்க்குப் பதிலாகத் தட்டையான ஒரு அகலப் பாதை விளிம்பின் மேல் ஏறி இறங்கும். அதன் உச்சியில் சேரும் காற்றை ஒரு குட்டிப் பம்ப் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதை உடனே விட்டுவிட்டேன். அந்தக் குட்டிப் பம்ப் நின்றால் காற்று சேரும், காற்று சேர்ந்தால் சைஃபன் அறுந்துவிடும், அறுந்தது தெரியாமல் கீழே இருக்கும் பெரிய பம்ப் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன ரப்பர் டயஃப்ரத்தை நம்பி வீட்டை விட்டு வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. பி.வி.சி. வகை, சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காக ஒட்டினால் நன்றாகவே ஓடும், செலவும் குறைவு. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உச்சியில் காற்று சேர்ந்திருக்கிறதா, பாதிக் குழாயில்தான் தண்ணீர் போகிறதா, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. யூ குழாய் பளிச்சென்று தெரியும், நடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

யூ குழாய்ப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் விற்கும் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இதை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். உள்பெட்டியின் மேல் விளிம்பில் சீப்பு மாதிரி பல் வெட்டியிருக்கும், தண்ணீர் அதன் வழியாக உள்ளே விழும். அங்கிருந்து யூ குழாய் விளிம்பைத் தாண்டி வெளிப்பெட்டியின் முதல் அறைக்கு வருகிறது. அந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பைத் தாண்டி வழிந்த தண்ணீர்தான் இரண்டாவது அறையிலிருந்து வடிகுழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். கரண்ட் போனால் மேலே தண்ணீர் வருவது நிற்கும், உள்பெட்டியில் மட்டம் இறங்கும், தடுப்பின் உயரத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், ஓட்டம் நிற்கும். குழாயின் இரண்டு வாயும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் காற்று ஏறாது. கரண்ட் வந்ததும் தானாக மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஆக, தடுப்பு பல்லுக்குக் கீழே இருக்க வேண்டும், குழாயின் வாய்க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். தடுப்பே இல்லாத பெட்டியை யாராவது கொடுத்தால் இலவசமாகக்கூட வாங்காதீர்கள்.

இனி காற்று. இந்த மொத்த விஷயத்திலும் எதிரி தண்ணீர் இல்லை, காற்றுதான். வழியும் தண்ணீரோடு குமிழி உள்ளே போகும். சைஃபனின் உச்சியில் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் அங்கே பிரிந்து வரும். குழாய்க்குள் பாசி படிந்து வெளிச்சமும் பட்டால் அதுவும் தன் பங்குக்கு ஆக்ஸிஜன் குமிழி விடும். இவை எல்லாம் உச்சி வளைவில் போய்த் தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிப் பாதையை அடைக்கும்.

தண்ணீர் வேகமாக ஓடினால் குமிழியை அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக ஓடினால் தங்கிவிடும். சின்னக் குமிழி ஒன்று நிற்கும் தண்ணீரில் வினாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. வேகத்தில் மேலே ஏறும். குழாயின் வெளிக்காலில் தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும் வேகம் அதைவிட நன்றாக அதிகமாக இருந்தால்தான் குமிழி வெளியே தள்ளப்படும். இதனால்தான் ‘பெரிய குழாயாகப் போடு, பாதுகாப்பு’ என்று சொல்வது இங்கே தலைகீழாகப் போகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். என் பம்ப் உண்மையில் மேலே தள்ளுவது மணிக்கு 1500 லிட்டர். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது உயரமே ஏற்றாமல் அளந்தது. குழாயை வாளிக்குள் விட்டு, ஃபோனில் டைமர் வைத்து அளக்க வேண்டும், வாளியைத் தொட்டி விளிம்பின் உயரத்தில் பிடித்துக்கொண்டு. 10 லிட்டர் வாளி 24 வினாடியில் நிரம்பினால் அது மணிக்கு 1500 லிட்டர். இந்த ஓட்டம் 50 மி.மீ. உள்விட்டம் உள்ள ஒற்றைக் குழாயில் போனால் வேகம் வினாடிக்கு 21 செ.மீ. குமிழி ஏறும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான், அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருக்கும். 25 மி.மீ. குழாய் ஒன்றில் போனால் 85 செ.மீ., எந்தக் குமிழியும் நிற்காது. 25 மி.மீ. குழாய் இரண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் 42 செ.மீ., இன்னமும் பரவாயில்லை.

நான் இரண்டு 25 மி.மீ. குழாய் என்று முடிவு செய்தேன். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று தனியாகவே முழு ஓட்டத்தையும் தாங்கும், இரண்டும் சேர்ந்து ஓடும்போதும் வேகம் போதுமான அளவுக்கு இருக்கிறது. உங்கள் பம்ப் இதில் பாதிதான் தள்ளும் என்றால் ஒரு குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு இருப்பதாலேயே இரண்டும் சேர்ந்து காற்றுக் கட்டிக்கொள்ளும்.

கடையில் ரெடிமேடாகக் கிடைத்தவை எனக்குச் சரிப்படவில்லை. பார்த்தவற்றில் வடிகுழாய்க்கு ஒரே ஒரு துளைதான் இருந்தது. பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் கடைக்குப் படம் வரைந்து கொண்டுபோனேன். “மீன் தொட்டியா சார்? அப்ப ஷீட் தடியாப் போடணும்” என்று அவரே 6 மி.மீ. ஷீட் எடுத்தார். மூலைகளை சால்வென்ட் விட்டு ஒட்டிக் கொடுத்தார். சிலிகான் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கண்ணாடியில் பிடிக்கிற மாதிரி அக்ரிலிக்கில் சிலிகான் பிடிக்காது, ஒரு நாள் உரிந்து வரும். உள்பெட்டியின் பல் விளிம்புக்கு ஒரு இன்ச்சுக்கு மணிக்கு 250 லிட்டர் என்பது இந்த வேலையில் ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. அதன்படி எனக்கு 6 இன்ச் போதும், பல்லுக்கு இடையில் உள்ள இடைவெளி மட்டும்தான் வழி என்பதால் 10 இன்ச் வைத்தேன். விளிம்பு நீளமாக இருந்தால் தண்ணீர் மெல்லிய படலமாக வழியும், மேற்பரப்பும் நன்றாகச் சீவப்படும், சத்தமும் குறையும்.

தடுப்பை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில்தான் நிறைய யோசித்தேன். சைஃபன் ஓடுவதற்கு உள்பெட்டி மட்டம் வெளிப்பெட்டி மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. இரண்டு குழாயும் ஓடும்போது 3 செ.மீ. அளவு போதும். ஒன்று நின்றுபோனால் மீதி ஒன்று அத்தனையையும் இழுக்க 10, 11 செ.மீ. வேண்டும். ஆகவே தடுப்பு பல்லுக்கு 12 செ.மீ. கீழே. ஆனால் இப்படி வைத்தால் சாதாரண நாளில் உள்பெட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட அரைச் சாண் பள்ளத்தில் விழுகிறது, குட்டி அருவி. சத்தம். சத்தம் மட்டுமில்லை, விழுந்து அடிக்கும் தண்ணீர் நுரைத்துக் குமிழியை உண்டாக்கும், அதை யூ குழாய் அப்படியே உறிஞ்சும். தடுப்பை உயர்த்தினால் சத்தம் போகும், ஆனால் ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி வழியும். தடுப்பை அசைக்கவில்லை. அதற்குப் பதில் பல்லுக்குக் கீழே இருந்து சாய்வாக ஒரு அக்ரிலிக் பட்டையை உள்பெட்டிக்குள் இறக்கினோம், தண்ணீர் விழாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய் மட்டத்தில் சேர்கிறது. அருவிச் சத்தமும் போச்சு, நுரையும் போச்சு.

யூ குழாயில் முதலில் தண்ணீர் ஏற்ற, உச்சியில் ஒரு சின்ன நிப்பிள், அதில் ஏர் டியூப். வாயால் உறிஞ்சலாம், ஆனால் மீன்தொட்டித் தண்ணீரைக் குடிக்கத் தயாராக இருக்க வேண்டும். 50 மி.லி. சிரிஞ்சும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒரு திசையில் மட்டும் போக விடுவது) போதும், மெடிக்கலில் கிடைக்கும் சிரிஞ்சுதான். அந்த நிப்பிளை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். சில சின்னப் பவர்ஹெட்களில் (தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கும் குட்டிப் பம்ப்) காற்று இழுக்க ஒரு முனை இருக்கும், அதில் இந்த ஏர் டியூபைச் சொருகிவிட்டால் உச்சியில் சேரும் காற்றை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அவ்வப்போது பவர்ஹெட் வாயில் நாலைந்து குமிழி சேர்ந்தாற்போல் பொளபொளவென்று வரும், அப்போது தெரிந்துகொள்ளலாம் மேலே காற்று சேர்ந்திருந்தது என்று. என் தொட்டியில் இது கூடுதல் காவல் மட்டும்தான், இது நின்றாலும் வேகமே குமிழியைத் தள்ளிவிடும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தப் பவர்ஹெட் சம்பில் இருக்கக் கூடாது, மேல்தொட்டியில்தான் இருக்க வேண்டும். சம்பில் வைத்தால் கரண்ட் போனதும் அந்த மெல்லிய டியூபே ஒரு சைஃபனாகி, யூ குழாய் வழியாகப் பெட்டிகளில் இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இழுத்துவிடும், குழாயின் வாய் வெளியே தெரிந்துவிடும், கரண்ட் வந்ததும் சைஃபன் இருக்காது. மேல்தொட்டியில் வைத்தாலும் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமாக, தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக யூ குழாய்க்கு ஏறி, தடுப்பைத் தாண்டிச் சம்புக்குப் போய்க்கொண்டே இருக்கும், தடுப்பின் மட்டம் வரும்வரை. என் தொட்டியில் 12 செ.மீ. என்றால் 60 லிட்டருக்கு மேல். சம்ப் தாங்காது.

இனி சத்தத்துக்கு வருகிறேன். அருவிச் சத்தம் போனாலும் வடிகுழாய்ச் சத்தம் பாக்கி இருக்கும், பலரைச் சம்ப் வேண்டாம் என்று ஓட வைப்பது இதுதான். இளநீரின் கடைசி மடக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல இராப்பகலாக ஒரு சத்தம். காற்றும் தண்ணீரும் ஒரே குழாயில் இடித்துக்கொண்டு இறங்கும்போது வருவது அது. தீர்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்று, காற்றுக்குத் தனி வழி கொடுத்துவிடுவது: டர்சோ என்று சொல்லும் முறை, குழாயின் தலையில் டீ, அதன் மூடியில் ஒரு சின்னத் துளை, தண்ணீர் பக்கவாட்டில் நுழையும், காற்று மேலிருந்து வரும். துளை சின்னதாக இருந்தால் குழாய் விட்டு விட்டு உறிஞ்சி மூச்சு வாங்கும், பெரிதாக இருந்தால் காற்றுச் சத்தம் வெளியே வரும், அதனால் அந்தத் துளையில் ஏர் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்திக் காதால் கேட்டுக் கேட்டுத் திருக வேண்டும். இரண்டாவது, காற்றை உள்ளேயே விடாமல் இருப்பது: ஹெர்பி என்பார்கள். ஒரு குழாய் முழுக்கத் தண்ணீரால் நிறைந்து ஓடும், கீழே வால்வு வைத்து ஓட்டத்தை அடக்கி நீர்மட்டத்தை அதன் வாய்க்கு மேலே நிறுத்துவோம். பக்கத்தில் அதைவிட உயரமாக இன்னொரு குழாய், வால்வே இல்லாமல், முதலாவது அடைத்துக்கொண்டால் காப்பாற்ற. இதுதான் எமர்ஜென்சிக் குழாய்.

ஹாலில் ஒருவர் தூங்குகிறார் என்றால் ஹெர்பிதான். அதற்காகத்தான் வெளிப்பெட்டியில் இரண்டு துளை கேட்டேன். டர்சோ நன்றாகத் திருகினால் பகலில் கேட்காது, ஃபேன் ஓடினால் கேட்காது, ஆனால் டிசம்பரில் ஃபேனை நிறுத்தினால் கேட்கும்.

வால்வு விஷயத்தில் பிளம்பிங் கடையில் ஏமாந்துவிடாதீர்கள், பால் வால்வை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது திறக்கவும் மூடவும் நல்லது, மயிரிழை அளவு திருகுவதற்கு ஆகாது. கால் திருப்பிலேயே முழுக்க மூடிவிடும். கேட் வால்வு கேட்டு வாங்குங்கள், பிளாஸ்டிக் உடம்பு உள்ளது. பித்தளை வேண்டாம், செம்பு கலந்த உலோகம், இறாலும் நத்தையும் வைத்திருப்பவர்களுக்கு வம்பு. அதைத் திருகும் விதம்: முழுக்கத் திறந்துவைத்து ஓட விடுங்கள், உறிஞ்சும் சத்தம் வரும். மெதுவாக மூடிக்கொண்டே வாருங்கள், அறையில் மட்டம் ஏறும், சத்தம் சட்டென்று நிற்கும். அங்கே நிறுத்தாமல் இன்னும் ஒரு துளி மூடினால் மட்டம் உயரமான எமர்ஜென்சிக் குழாயின் உதட்டைத் தொட்டு, ஒரு நூல் அளவு தண்ணீர் அதன் உள்சுவரை ஒட்டி இறங்கும். அந்த நூல்தான் சமாளிக்கும் இடம், பம்ப் கொஞ்சம் கூடக் குறையத் தள்ளினாலும் மட்டம் கலையாது.

கீழே சம்பில் வால்வு உள்ள குழாய் தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும் அமிழ்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஆழமாக விட்டால், கரண்ட் வந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது குழாயில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற முடியாமல் முக்கும், பாதித் தண்ணீர் எமர்ஜென்சிக் குழாயில் கொட்டிச் சத்தம் போடும். தண்ணீருக்கு மேலே நிறுத்தினால் சளசளவென்று தெறிக்கும்.

வெள்ளம் வராமல் இருப்பதற்கு நான் நம்புவது கருவியை இல்லை, கணக்கை. என் தொட்டியின் பரப்பு 120க்கு 45 செ.மீ., அதாவது 1 செ.மீ. உயரம் என்றால் 5.4 லிட்டர். இரண்டு விதமாக வெள்ளம் வரலாம்.

கரண்ட் போனால் மேலிருந்து கீழே: பல்லுக்கு மேல் நிற்கும் ஒன்றரை செ.மீ., ரிட்டர்ன் குழாய் (பம்ப் தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாய்) தண்ணீருக்குள் இருக்கும் அளவு திரும்ப இழுப்பது, குழாய்களில் இருப்பது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 லிட்டர். என் சம்ப் 75க்கு 30 செ.மீ., 15 லிட்டர் வந்தால் 7 செ.மீ. ஏறும். அதனால் ஓடும்போது சம்பின் மட்டம் விளிம்புக்கு 10 செ.மீ. கீழேதான் இருக்கும். ரிட்டர்ன் குழாயின் வாயை மேற்பரப்புக்கு ஒரு செ.மீ. கீழேயே வைத்தேன், ஆழமாக விட்டால் அந்த ஆழம்வரை திரும்ப இழுத்துவிடும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா என்றால், போடலாம், ஆனால் ஒரு நத்தை ஓடு மாட்டிக்கொண்டால் அது மூடாது.

சைஃபன் அறுந்தால் கீழிருந்து மேலே: பம்ப் இருக்கும் அறையில் உள்ள தண்ணீர் முழுக்க மேலே போய்விடும், அதன் பிறகு பம்ப் வறண்டு கத்தும். அந்த அறை 25க்கு 30, பம்ப் வாய்க்கு மேல் 12 செ.மீ. தண்ணீர், ஆக 9 லிட்டர். மேலே அது ஒன்றே முக்கால் செ.மீ.கூட ஏறாது. மேலே 3 செ.மீ. காலி விட்டிருக்கிறேன். அவ்வளவுதான், எல்லாமே கெட்டுப்போனாலும் தரையில் தண்ணீர் வராது, பம்ப் மட்டும்தான் போகும். இந்த 12 செ.மீ. இடத்தில் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். ஆவியானதை நிரப்பும்போது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோடை விடுமுறையில் வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்குத்தான் தெரியாது, ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் மீனுக்கு நல்லது என்று நினைப்பார்கள், அதனால் ஸ்டாண்டுக் கதவுக்குப் பூட்டு.

ஃப்ளோட் சுவிட்ச் போட்டுப் பம்பை நிறுத்துவதும் நல்லதுதான், போடுங்கள். ஆனால் அது கணக்குக்கு மேலே ஒரு சௌகரியம். கணக்கு சரியில்லாத இடத்தில் சுவிட்சை நம்பி இருக்காதீர்கள்.

எல்லாம் பொருத்தியதும் மீன் இருக்கும் தொட்டியில் நேரடியாகப் பரிசோதிக்கத் தயங்க வேண்டாம், ஆள் பக்கத்தில் இருக்கும்போதே கெட வைத்துப் பார்ப்பது நல்லது. பம்ப் சுவிட்சை அணைத்து ராத்திரி முழுக்க விட்டு (ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்), காலையில் யூ குழாய் உச்சியைப் பாருங்கள். காற்று தெரிந்தால் நிப்பிளிலோ வால்விலோ கசிவு, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். ஒரு யூ குழாயைத் தூக்கிவிட்டு இன்னொன்று மட்டும் தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் காற்றை விட்டுவிட்டுத் தொட்டி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், கையில் ஸ்கேலோடு. கேட் வால்வை முழுக்க மூடி எமர்ஜென்சிக் குழாய் அத்தனையையும் தாங்குகிறதா என்றும். இதில் எனக்கு ஒரு சந்தோஷம், எமர்ஜென்சிக் குழாய் ஓடும்போது வருகிற சத்தம் பயங்கரம். அது குறை இல்லை, அலாரம். தூங்குகிறவரை எழுப்பிவிடும்.

ஓட ஆரம்பித்த பிறகு வேலை அதிகம் கிடையாது. யூ குழாய்களின் வெளிச்சம் படும் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், பாசி குறைந்தது. முழுக்க மறைக்காமல் ஒரு விரல் அகலம் மட்டும் பார்க்க விட்டிருக்கிறேன். நம் ஊர் போர்த் தண்ணீரில் பல்லிடுக்கில் வெள்ளையாக உப்புப் படியும், வினிகரில் நனைத்த பழைய டூத் பிரஷ் போதும், தேய்த்தபின் அலசிவிடுங்கள். நத்தை இருக்கும் தொட்டி என்றால் வாரம் ஒருமுறை உள்பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லுக்கு மேல் பிளாஸ்டிக் வலை ஒரு துண்டு மாட்டினால் குஞ்சு மீன்கள் சம்புக்கு டூர் போவது குறையும், வலையை மட்டும் அடிக்கடி தட்டிக் கழுவ வேண்டும். அப்புறம், அமைதியாக இருந்த வடிகுழாய் திடீரென்று உறிஞ்ச ஆரம்பித்தால் வால்வில் கை வைக்காதீர்கள். பம்ப்பின் இம்பெல்லரில் (உள்ளே சுழலும் விசிறி) அழுக்கு சேர்ந்து ஓட்டம் குறைந்திருக்கும். அதைக் கழுவினால் மட்டம் பழையபடி ஏறி, சத்தம் தானாக அடங்கிவிடும்.

இன்வெர்ட்டர் இருப்பவர்கள் ரிட்டர்ன் பம்பை அதில் போட வேண்டுமா என்று யோசிப்பார்கள். நான் ஏர் பம்பை மட்டும்தான் போட்டிருக்கிறேன், பாட்டரி நெடுநேரம் வரும், மீனுக்கு ஆக்ஸிஜன் போதும். சதுர அலை இன்வெர்ட்டரில் சாதாரண ஏசி பம்ப் உறுமும், சூடும் ஆகும். கரண்ட் போய் வருவதைத் தாங்கத்தான் அந்தத் தடுப்பும் யூ குழாயும் இருக்கிறதே, தினமும் போய் வரட்டும்.

பழைய பெட்டி யாராவது விற்றால் வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். கடையிலோ வீட்டிலோ, ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு வெளிப்பெட்டியில் நிரப்பிக் கால் மணி நேரம் வையுங்கள், மூலை கசிகிறதா பாருங்கள். வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று யூ குழாயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் கசியாத விரிசலில்கூடக் காற்று ஏறும். தடுப்பு எங்கே இருக்கிறது, குழாய் வாய் எங்கே வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் தொட்டியின் கண்ணாடித் தடிமனும் மேல் பட்டையின் அகலமும் அந்தப் பெட்டியின் இடுக்கில் நுழையுமா என்பதையும். என் தொட்டியின் மேல்பட்டை அக்ரிலிக் கடையில் கொடுத்த அளவைவிடத் தடியாக இருந்து, கடைசியில் இடுக்கை அகலமாக்கி மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.